அடைக்கு உட்காரும் கோழி

காங்கேயம் பக்கத்துச் சந்தைகளில் நாட்டுக்கோழி என்று கூண்டில் நிற்பதெல்லாம் நாட்டுக்கோழி இல்லை. செவலை, கருப்பு, புள்ளி என்று நிறம் கலந்து இருந்தால் போதும், வாங்குகிறவர் நம்பிவிடுகிறார். வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஹைதராபாத்தில் உருவானவை, கிரிராஜா பெங்களூரில். அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எடை சீக்கிரம் ஏறும், முட்டையும் கூடுதல். ஆனால் தோட்டத்தில் நாலு கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர் வியாபாரியிடம் முதலில் கேட்க வேண்டியது: இது அடைக்கு உட்காருமா?

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. விலைதான் வரும்.

*

நம் கோழி வருசத்துக்கு 60 முட்டை இடும், மிஞ்சிப்போனால் 80. வெள்ளை லெகார்ன் 300ஐத் தொடும். இந்தக் கணக்கை வைத்துத்தான் நாட்டுக்கோழியை மட்டம்தட்டுகிறார்கள். மீதி நாளில் அது என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நிறுத்திக்கொள்கிறது. 21 நாள் அடை. அதற்கப்புறம் இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு அலைச்சல். கரண்ட் பில்லும் இல்லை, ஆள் கூலியும் இல்லை.

அடைக்கு உட்காரும் கோழிக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது, முட்டை நின்றுபோகிறது. முட்டைக்காக வளர்ப்பவருக்கு அது நட்டம். அதனால் அடைக்குணம் உள்ள பெட்டைகளை வழிவழியாகக் கழித்தே வந்தார்கள். லெகார்னுக்கு உட்காரும் புத்தி அற்றுப்போனது இப்படித்தான். இப்போது நாட்டுக்கோழிப் பண்ணைக்காரரும் இன்குபேட்டர் வாங்கி வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார். அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தெளியவைக்கிறார். அடிக்கடி உட்காருவதை விற்றுவிடுகிறார். கொண்டையும் நிறமும் அப்படியே இருக்க, குணம் மட்டும் கைவிட்டுப் போகும். இதை யாரும் கலப்பினம் என்று சொல்லமாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

*

நாட்டுக்கோழியில் சின்ன வகை சிறுவிடை, பெரிய வகை பெருவிடை. சிறுவிடைப் பெட்டை கைக்கு அடக்கம். ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பெருவிடைச் சேவல் மூன்று நாலு கிலோ நிற்கும், பார்க்கக் கம்பீரம். பெட்டையும் கனம்தான், ஏறி இறங்குகையில் முட்டை நசுங்கும். அடைக்குச் சிறுவிடையே தேவலை.

*

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா அடை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய கூடையில் சாம்பலும் மணலும் பரப்பி, மேலே வைக்கோலைச் சுருட்டிக் குழி செய்வார். முட்டை எப்போதும் ஒற்றைப்படை. ஓரத்தில் ஒரு கரித்துண்டு, வரமிளகாய், துருப்பிடித்த ஆணி. இடி இடித்தால் கூமுட்டை ஆகாமல் இருக்க ஆணியாம். ஆணியைப் பற்றி நான் வாதம் செய்வதில்லை. சாம்பல் செள்ளை அண்டவிடாது, அது கண்கூடு.

கோழியை இருட்டிய பிறகே கூடையில் விடுவார். பகலில் விட்டால் எழுந்து ஓடிவிடும். நான் முட்டையைத் திருப்பி வைக்கப் போனால் சத்தம் வரும்: “நீ கைய வெக்காத கண்ணு. நடுவுல இருக்கறத ஓரத்துக்குத் தள்ளுவா, ஓரத்துல இருக்கறத நடுவுக்கு இழுப்பா. எல்லாம் அவ பாத்துக்குவா.”

உண்மைதான். அலகால் உருட்டிக்கொண்டே இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை எழுந்து வரும். இறகெல்லாம் சிலிர்த்து, கொக்கொக் என்று முனகிக்கொண்டு, யாரைக் கண்டாலும் கோபம். முதல் காரியமாக ஒரு பெரிய எச்சம், நாற்றம் குடலைப் பிடுங்கும். அத்தனை நேரமும் கூடையை அசிங்கப்படுத்தாமல் அடக்கி வைத்திருந்தது அது. அவசர அவசரமாகக் கம்பைப் பொறுக்கும், தண்ணீர் குடிக்கும், புழுதியில் ஒரு புரளல், திரும்பக் கூடை. முட்டை ஆறுவதற்குள் வந்துவிடும்.

ஏழெட்டு நாள் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கருக்கூடிய முட்டையில் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். நரம்பு ஓடாமல் வெறும் தெளிவாகத் தெரியும் முட்டையை எடுத்துவிடலாம். 18 நாளுக்கு மேல் தொடக் கூடாது.

*

குஞ்சுக்கு முதல் வாரம் நொய்யை விடக் கரையான் மேல். பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, கொஞ்சம் வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் தூக்கிக் குஞ்சுகள் நடுவில் தட்டினால் வெள்ளையாகக் கொட்டும். காசில்லாத புரதம். மழை விட்ட மறுநாள் பானை நிரம்பிவிடும். சித்திரை வெயிலில் ஒன்றும் ஏறாது.

*

தாயோடு வளர்ந்த குஞ்சுக்கும் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் பருந்து வரும்போது தெரியும். வானத்தில் நிழல் அசைந்தால் கோழி ஒரு குரல் கொடுக்கும், தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறு குரல். ஆராய்ச்சியாளர்களும் இரண்டையும் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். மேல்குரல் கேட்டதும் குஞ்சுகள் வேலிக்குள் புகுந்து அசையாமல் கிடக்கும். பல்புக் குஞ்சுகளை வெளியே விட்டால் அண்ணாந்து வேடிக்கை பார்க்கின்றன.

*

வெள்ளைக்கழிச்சல். இந்த நோய் வந்தால் காலையில் கோழியை மூடிவைத்த கொடாப்பைத் தூக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் தடுப்பூசி. சிக்கல் என்னவென்றால், மருந்துக்குப்பி நூறு கோழிக்கு என்று வருகிறது, கரைத்தால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும், ஐஸிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் வெறும் தண்ணீர். ஆறு கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாலைந்து தோட்டத்துக்காரர் ஒரே நாளில் கூடிப் போடுவதுதான் வழி. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாமைத் தவறவிடக் கூடாது. கோழியைப் பிடித்துப் போவது பெரிய வேலை, முந்தின இரவே அடைத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

*

2008இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று: வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழிதான் என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவுக்கு வெளியே கிடையாது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற பறவை. ஆக, அமெரிக்கப் பண்ணையில் நிற்கும் மஞ்சள்கால் பிராய்லருக்கும் நம் பக்கத்துக் காட்டோடு சொந்தம் உண்டு. பல்லடத்துப் பிராய்லர் வியாபாரிக்கு இது பயன்படாத தகவல்.

*

சேவலை இரண்டு வருசத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மகளோடு சேர்ந்துவிடும். தள்ளி இருக்கும் ஊரில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். திண்டுக்கல் கண்காட்சியில் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்கு லட்சங்களில் விலை பேசுகிறார்கள். பேசட்டும், அழகு அழகுதான். அடைகாக்கும் சிறுவிடைப் பெட்டைக்கும் ஒரு பரிசு வைக்கலாம்.

*

ஆத்தாவிடம் அடைக்கு உட்காரும் கருப்புப் பெட்டை ஒன்றை விலைக்குக் கேட்டேன். “அடைக்கோழிய ஆராச்சும் விப்பாங்களா? வாரத்துக்கு வேணா புடிச்சுட்டுப் போ.” வாரம் என்றால் கோழி அவருடையது, தீனியும் காவலும் என்னுடையது, குஞ்சு சரிபாதி. பருந்து தூக்கியது இருவர் கணக்கிலும் சேரும், கீரி பிடித்தால் என் கணக்கு. வேலியைச் சரியாக அடைக்காதது என் குற்றமாம்.