ஒரு லிட்டர்னா எந்தச் சொம்பு?

நர்சிங் மாணவிகளின் லெசன் பிளான் நோட்டைத் திறந்ததும் என் கண் போவது இரண்டாவது கட்டத்துக்குத்தான். முதல் கட்டத்தில் நேரம் இருக்கும், அடுத்ததில் ஆப்ஜெக்டிவ். ‘வகுப்பு முடிவில் தாய்மார்கள் வயிற்றுப்போக்கைப் பற்றி அறிந்துகொள்வார்கள்’ என்று எழுதியிருப்பாள். அந்த ‘அறிந்துகொள்வார்கள்’ மீது சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, “அறிஞ்சுக்கிட்டாங்கன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்பேன். “புரிஞ்சுதான்னு கேப்பேன் மேடம்” என்பாள்.

புரிந்ததா என்று கேட்டால் நம் ஊர்த் தாய்மார்கள் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். வெள்ளைச் சீருடையில் நின்று இவ்வளவு நேரம் பேசிய பெண்ணிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு குழந்தையின் வேதனையில்.

அப்போது குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிது. பேதி நின்று வீட்டுக்குப் போகும் எட்டு மாதக் குழந்தையின் தாய்க்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் என்று படம் காட்டிச் சொன்னேன். தலையாட்டினாள். மறுபடி பேதி கண்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். குழந்தையின் நாக்கு உலர்ந்திருந்தது. பாலாடையில் தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்து இழுத்துக் குடித்தது. ஓ.ஆர்.எஸ். கொடுத்தாயா என்று கேட்டேன். “கொடுத்தேன் சிஸ்டர். ஒரு டம்ளர்ல பாதிப் பாக்கெட்டு. மிச்சத்த மடிச்சு வெச்சுக்கிட்டேன், வீணாப் போயிரக் கூடாதுல்ல.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: “ஒரு லிட்டர்னா எங்க வீட்டுச் சொம்புல எம்புட்டு சிஸ்டர்?”

200 மில்லி டம்ளரில் பாதிப் பாக்கெட் என்றால் இரண்டரை மடங்கு கெட்டி. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கரைசலின் செறிவை (ஆஸ்மோலாரிட்டி) லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலிலிருந்து 245-க்குக் குறைத்தது. அத்தனை நுணுக்கமாகப் போட்ட கணக்கு, அந்த வீட்டில் ஒரு டம்ளரில் கெட்டுப்போனது. குழந்தை தேறிவிட்டது. நான் மட்டும் அந்தக் கேள்வியை விட்டு நகரவில்லை.

பிறகு எம்.எஸ்சி. படிக்கும்போது ராபர்ட் மேகர் 1962-ல் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பாடம் வந்தது. கற்பவர் எதைச் செய்து காட்டுவார், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக என்று மூன்றையும் நோக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பார் அவர். ‘எந்தச் சூழலில்’ என்ற இடத்தில் எனக்கு அந்தச் சொம்பு தெரிந்தது. 1956-ல் ப்ளூம் குழுவினர் வகுத்த அறிவுப் படிநிலைகளையும் மாணவிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு படிக்கும் உரிய வினைச்சொற்களின் பட்டியல் நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும். வார்டை நினைக்காமல் பட்டியலைப் பார்த்து எழுதும் ஆப்ஜெக்டிவ் எனக்கு ஒப்புவதில்லை.

அதனால் ஒன்று செய்கிறேன். லெசன் பிளான் எழுதுவது ஆங்கிலத்தில். தாய்மார்களிடம் பேசுவது தமிழில். ஆப்ஜெக்டிவைத் தமிழில் எனக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். தமிழில் வினை கடைசியில் வருவதால், மாணவி அந்தச் சொல்லுக்கு வந்ததும் தானாகவே தயங்குகிறாள். ‘தன் வீட்டுப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் அளந்து, முழுப் பாக்கெட்டையும் கரைத்து…’ என்று தொடங்கியவளால் ‘அறிந்துகொள்வார்’ என்று முடிக்க முடியாது. ‘காட்டுவார்’ என்றுதான் நாக்கு போகும்.

மாணவிகளுக்கான என் ஆப்ஜெக்டிவில் மனப்பாங்கை எழுதுவது இதைவிடக் கடினம். ‘மாணவி நோயாளியின் மானத்தை மதிப்பாள்’ என்பதை எப்படிப் பார்ப்பது? நான் எழுதுவது இது: ‘யாரும் சொல்லாமலே ஸ்க்ரீனை இழுத்துவிட்ட பிறகே போர்வையை விலக்குவாள்.’ நான் கட்டிலருகே நின்றால் எல்லாரும் இழுப்பார்கள். டியூட்டி ரூமிலிருந்து பார்ப்பேன். ஆனால் உயிர் போய்க்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலை இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதை எந்தக் கட்டத்திலும் எழுதத் தெரியவில்லை. அதை எழுதாமல் விட்டுவிட்டு, இரவு டியூட்டிக்குக் கூட இருந்து காட்டுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவி தாய்மார்களை வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். எவர்சில்வர் சொம்பு, பிளாஸ்டிக் ஜக்கு, ஈயம் பூசிய பித்தளைச் செம்பு எல்லாம் வந்தன. லிட்டர் பாட்டில் தண்ணீரை ஒருத்தியின் சொம்பில் ஊற்றினாள். நிரம்பிய பிறகும் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினாள். “வீட்டுல உங்க அத்தைக்கு இத எப்படிச் சொல்லுவீங்கக்கா?” என்று கேட்டாள்.

“சொம்பு நெறையத் தண்ணி, அப்புறம் இந்தக் கிண்ணத்துல ஒண்ணு. பெரிய பாத்திரத்துல ஊத்தி, பாக்கெட்ட முழுசாக் கொட்டிக் கலக்கணும். மிச்சமிருந்தா மறுநாளைக்கு வெக்கக் கூடாது. ஊத்திரணும்.”

மாணவி நோட்டைத் திருப்பி, மதிப்பீட்டுக் கட்டத்தில் அந்தத் தாயின் கிண்ணத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டாள்.