கடல் கடந்த மடல்: கேட்டால் தருவார்கள்

ஆன் ஆர்பர், மிச்சிகன்

நவம்பர் பிறந்தால் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்து மாநிலத்து ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு போட்டிகள். ஒன்று அமெரிக்கக் கால்பந்து. 1897-ல் முதன்முதலாக மோதிய இந்த அணிகள் நவம்பர் கடைசியில் களம் காணும்போது இரண்டு மாநிலங்களிலும் வேறு பேச்சே இருக்காது. இன்னொரு போட்டியில் பந்து கிடையாது. ஆட்டத்துக்கு முந்தைய வாரங்களில் எந்த வளாகம் அதிக ரத்தம் கொடுக்கிறது என்பதே அதில் கணக்கு. 1982-ல் தொடங்கிய இதற்கு ‘பிளட் பேட்டில்’ என்று பெயர்.

கட்டிலும் ஊசியும் செவிலியரும் ரத்த வங்கியின் பொறுப்பு. ஆள் சேர்ப்பதில் மாணவர் அமைப்புகள் இறங்குகின்றன. வகுப்புக்குப் போகும் வழியிலேயே முகாம் இருக்க வேண்டும், தேர்வு நெருங்கும் நாளாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் மாணவர்களுக்குத்தான் தெரியும். இதுவரை ஏன் ரத்தம் கொடுக்கவில்லை என்று கேட்டால் அடிக்கடி கிடைக்கும் பதில், “யாரும் என்னைக் கேட்கவே இல்லையே” என்பது. அறைத்தோழி ஒருத்தி, “மூணு மணிக்கு நான் போறேன், நீயும் வா” என்று கூப்பிட்டால் அந்தப் பதிலுக்கு இடமில்லை.

2024-ல் அப்பாட் நிறுவனம் ‘பிக் டென்’ விளையாட்டுக் கூட்டமைப்பின் 18 பல்கலைக்கழகங்களையும் இப்படிப் போட்டியில் இறக்கியது. வென்ற நெப்ராஸ்காவுக்கு 10 லட்சம் டாலர் பரிசு. ரத்தம் கொடுத்தவர் கைக்கு அதில் ஒரு காசும் வராது. அந்தப் பணம் மாணவர் நலத்துக்கும் ஊரார் நலத்துக்கும் செலவிடுவதற்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

இத்தனை பாடு எதற்கு? சிவப்பணுக்கள் 42 நாள்தான் தாங்கும். தட்டணுக்கள் ஒரு வாரத்தைத் தாண்டாது. இன்று நிறைய வாங்கி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க முடியாது. 2019-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடையாளர்களில் ஏறக்குறைய 25 சதவீதம் பேர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். பெருந்தொற்றில் வளாகங்கள் பூட்டப்பட, அது 10 சதவீத அளவுக்கு இறங்கியது. ஊழியர் பற்றாக்குறையும் ரத்து செய்யப்பட்ட முகாம்களும் சேர்ந்துகொள்ள, 2022 ஜனவரியில் சங்கம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ‘தேசிய ரத்த நெருக்கடி’யை அறிவித்தது.

ஒருமுறை வந்த மாணவர் மறுபடி வருவாரா என்பதை முதல் அனுபவம் தீர்மானிக்கிறது. இளைஞர்களுக்கும் முதல்முறை கொடுப்பவர்களுக்கும் தலைசுற்றலும் மயக்கமும் வரும் வாய்ப்பு அதிகம். மயங்கி விழுந்தவர் அடுத்த முகாமுக்கு வரத் தயங்குவார். இதற்கான மருந்து எளியது: கொடுப்பதற்குச் சற்றுமுன் அரை லிட்டர் தண்ணீர், கட்டிலில் இருக்கும்போது தொடை, வயிற்றுத் தசைகளை விட்டுவிட்டு இறுக்குவது. ரத்த அழுத்தம் சட்டென்று விழாமல் இவை தாங்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொரு முறையும் உடலிலிருந்து 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் போய்விடுவதால், இளம்பெண்களுக்கு இரும்பு மாத்திரை பற்றியும் முகாமிலேயே சொல்லியாக வேண்டும்.

விரும்பி வந்தும் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களை அமெரிக்க விதிகள் பல ஆண்டுகள் அடியோடு விலக்கி வைத்திருந்தன. அது பாகுபாடு என்று சொல்லி, சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் டான் காசிங் 2008-ல் தன் வளாகத்தில் ரத்ததான முகாம்களையே நிறுத்தினார். விதி படிப்படியாகத் தளர்ந்து, 2023-லிருந்து எல்லோரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்படுகின்றன.

தமிழ் மாணவர்களைத் தடுப்பது மலேரியா. மலேரியா உள்ள நாட்டில் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்து வந்தவர், அமெரிக்கா வந்த பிறகு மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். இடையில் ஊருக்குப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கக்கூடும். எம்.எஸ். படிப்போ இரண்டே ஆண்டு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறெந்த நாட்டிலிருந்தும் இவ்வளவு பேர் வரவில்லை. கோவையிலும் திருச்சியிலும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் தவறாமல் கொடுத்துப் பழகியவர்கள், இங்கே முன்பதிவு செய்து வரிசையில் நின்ற பிறகே விதியைத் தெரிந்துகொண்டு வாடிய முகத்தோடு வெளியேறுகிறார்கள். கொடையாளர் ரத்தத்தில் மலேரியாக் கிருமியின் மரபணுவைத் தேடும் முதல் சோதனைக்கு 2024-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்துவிட்டது. அது பரவலானால் இந்தக் காத்திருப்பு குறைய வழியுண்டு.

அதுவரை அவர்களை வெறுங்கையோடு அனுப்புவது பெரும் இழப்பு. முகாமின் பதிவு மேசைக்கும் களைப்பாறும் இடத்துக்கும் ஆள் வேண்டும். ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டுக்கும் ஆள் வேண்டும்: வெள்ளை அமெரிக்க நோயாளிக்கு அந்தப் பதிவேட்டில் பொருத்தமானவர் கிடைக்கும் வாய்ப்பு 79 சதவீதம் என்றால், ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினருக்கு 47 சதவீதம்தான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு முடிந்தது. ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் பிள்ளைகள், 18 வயது நிறைந்து 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் இருந்தால், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே ஊரிலுள்ள ரத்த வங்கியில் ஒருமுறை கொடுத்துவிட்டு வரலாம்.