மிதவை எழும்பிட்டு, மோட்டர் எழும்பல்ல

2024 நவம்பர் 26, செவ்வாய். சாய்ந்தமருது.

சுபஹுக்கு முன்னமே கரண்ட் போய்விட்டது. கார்ப்பெட் ரோட்டுப் போட்ட நாளிலிருந்து எங்கள் வளவு ரோட்டை விட ஒரு முழம் பள்ளம். தேங்கும் மழைத் தண்ணீரை இறைக்கத்தான் கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, இரண்டு சிமெந்து வளையம் இறக்கி, அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தால், மிதவை சுவிச் உச்சிக்கு வந்து நிற்கிறது, மோட்டரிடம் மூச்சில்லை. மழை பெய்தால்தான் இதற்கு வேலை. மழை பெய்தால்தான் கரண்டும் போகிறது. உம்மா கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இதுக்கா மகன் இவ்வளவு காசக் கொட்டின?" என்று கேட்டா.

பின்னேரம் மாவடிப்பள்ளிச் செய்தி வந்தது. மத்ரசா பிள்ளைகளை ஏற்றிப்போன உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துவிட்டதாம். மோட்டர்ப் பேச்சு வீட்டில் அதோடு நின்றது.

டிசம்பர் 8, ஞாயிறு.

கரண்ட் வேலை செய்யும் மருமகன் வந்தான், மோட்டரைப் பற்றரியில் ஓட்டலாமா என்று கணக்குப் பார்க்க. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 600தான். மோட்டர் 500 வாட் அளவில் இழுக்கும். விடாமல் ஓடினால் ஒரு மணித்தியாலம். பத்து நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் ஓடினால் ஐந்து மணித்தியாலம். "ஆனா மாமா, ஸ்டார்ட் ஆகக்குள்ள பல மடங்கு இழுக்கும். கம்பியூட்டருக்கு விக்கிற சின்ன இன்வேட்டர் அந்த இடத்திலேயே படுத்திரும்." நல்ல இன்வேட்டரின் விலையைக் கேட்டதும் நானும் படுத்துவிட்டேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு.

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாக அமைச்சர் சொல்கிறார். இங்கே நல்ல வெயில். எதிர்வீட்டுக் கூரை நிறைய சோலார், ஆனாலும் அவர் விசிறியும் சுற்றவில்லை. மின்சார சபையின் கம்பியோடு சேர்ந்த சோலார், கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவனை அடிக்கும். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால்தான் வீட்டுக்கு உதவும். நவம்பர் வானத்தில் சூரியனை எங்கே தேடுவது?

நவம்பர் 2, ஞாயிறு.

சம்மாந்துறை மச்சானின் வயல் பம்பைக் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு இஞ்சி, பெற்றோல். கரண்டே தேவையில்லை. ஒரு வருடமாகப் பற்றரிக் கணக்குப் போட்டவனுக்கு இது முன்னமே தோன்றவில்லை! புகைக்குப் பயந்து முற்றத்தில் வைத்தே கயிற்றை இழுத்தேன். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, விறாந்தையில் வைத்தால் விடியும்போது ஆளிருக்காது. குழி ஒரு நிமிடத்தில் வற்றியது. மிதவை கிடையாது என்பதால் ராத்திரி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் எரிந்துவிடும். பத்து நிமிடத்தில் மணலுக்குள்ளால் தண்ணீர் திரும்ப ஊறியது.

பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தம்பி, ஒங்கட தண்ணி எங்கட வாசலுக்குத்தான் வருது."

கான் அடைத்துக் கிடக்கிறது. வெள்ளம் கடலுக்கு வடியும் தோணாவின் வாயை இன்னும் வெட்டவில்லை. தோணாக் கரை வரை இழுக்க நூறு அடிக் குழாய் வேண்டும். குழாய் அவட கணக்கு, பெற்றோல் என்ட கணக்கு என்று பேசி முடித்தோம்.