பின்னங்குளம்பிலிருந்து தொடங்குங்கள்

ஸ்ரீரங்கம் கோயில் சேஷகிரிராயர் மண்டபத்துக் கல் குதிரைவீரர்களை நாற்பது வருஷமாக வரைகிறேன். ஜீயபுரத்தில் முதல் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, வெயில் சாய்ந்து விழும்போதே போய் உட்கார்ந்துவிடுவேன்.

முதல் வருஷம் தலையிலிருந்து ஆரம்பித்தேன். கடிவாளம், பிடரி, ஈட்டி என்று ஆசையாக இறங்கி வந்தால், கால் வரும்போது தாள் தீர்ந்திருக்கும். என் ஓவிய வாத்தியார் திட்டவில்லை. என் கையிலிருந்த சார்கோலை வாங்கித் தாளின் அடியில் குளம்புக்கு இரண்டு தேய்ப்பு தேய்த்தார். அங்கிருந்து தொடை, முதுகு, கழுத்து என்று வில்லாக ஒரே கோடு. “பாரம் எங்க இறங்குதுன்னு முதல்ல பாருப்பா” என்றார். அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

வீரனிலும் தப்பு செய்தேன். குதிரை முன்னங்காலைத் தூக்கினால் மேலிருப்பவன் முன்னால் சாய வேண்டும். நானோ அவனையும் பின்னால் சாய்த்துக் கட்டுக்கட்டாகத் தாளைக் கெடுத்தேன். 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பி அதைக் கல்லிலேயே சரியாகச் செய்து வைத்திருக்கிறான். கல்லில் தப்பினால் ரப்பர் கிடையாது. குதிரைக்கு அடியில் நிற்கும் காலாள்களையும் விடாதீர்கள். அவர்களை விட்டு வரைந்த என் படங்களில் குதிரை அந்தரத்தில் தொங்கியது.

வண்ணம் தீட்டும்போது, கருங்கல் என்பதற்காகக் கறுப்பைத் தொடாதீர்கள். அல்ட்ராமரீனில் பர்ன்ட் சியன்னா கலந்து ஒரே வாஷ். வயிற்றின் அடியில் மட்டும் சியன்னாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். தரையில் பட்ட வெயில் அங்கே ஏறித் தெரியும். காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஈரத்தில் தொட்டுக் கெடுத்தவை எனக்கு எண்ணிலடங்கா.

டச்சு ஓவியர் பிரைட்னர் 1885-86இல் வரைந்த ‘மஞ்சள் குதிரைவீரர்கள்’ படத்தை ஒரு பழைய அச்சில் காட்டியவரும் வாத்தியார்தான். ராணுவக் குதிரைகள் மணல்மேட்டுச் சரிவில் நம்மை நோக்கி இறங்குகின்றன. அகலமான தூரிகை, சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை அந்த மனிதர். ஆனால் இறக்கத்தில் குதிரை பாரத்தைத் தாங்கும் விதம் உங்கள் முழங்காலில் தெரியும்.

ஓடுகிற குதிரை வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம் கோயில் இராப்பத்து உற்சவத்தின் எட்டாம் நாள், வேடுபறி பார்க்க மணல்வெளிக்கு வாருங்கள். தங்கக்குதிரை வாகனத்தில் உற்சவர் நம்பெருமாள் வையாளி ஓட்டமாக வரும்போது நான் பல வருஷம் வாகனத்தையே பார்த்து வரைந்தேன். படத்தில் அது நின்றுகொண்டே இருந்தது. ஓட்டம் வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோளில் இருக்கிறது. ஒரு தோள் தாழ, மறு தோள் ஏற, அதில்தான் குதிரை பாய்கிறது. கூட்டத்தின் ஓரமாக நின்று தோள்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குதிரையை வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம்.