வேண்டாம் என்பதை எங்கே சொல்வது?

எங்கள் குடியிருப்பில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், சர்க்கரை, ரத்த அழுத்தம், பேரன் படிப்பு எல்லாம் பேசி முடித்தபின் கணினித் தொல்லைக்கு வந்துவிடுவார்கள். "நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, புது விண்டோஸுக்கு மாறு, மாறு என்று எதற்கு உயிரை வாங்குகிறது?" என்பார் ஒருவர். அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறேன் என்பார். மறுநாள் அது மறுபடியும் வந்து நிற்கும், இவரும் மறுபடியும் அமுக்குவார். தான் மறுத்துக்கொண்டிருப்பதாகவே அவர் நினைப்பு.

அந்தப் பெருக்கல் குறிக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்கள் ஓராண்டுக்குள் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றது மைக்ரோசாஃப்ட். இரண்டு மூன்று ஆண்டுகளில் 100 கோடிக் கருவிகளில் அதை ஓடவைப்பது இலக்கு. வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே கேபி3035583 என்ற எண்ணுள்ள ஒரு புதுப்பிப்பு பழைய கணினிகளுக்குள் இறங்கியிருந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னஞ்சிறு சன்னல் வந்து உட்கார்ந்ததே, அது இதன் வேலைதான். 2016 பிப்ரவரியில் விண்டோஸ் 10 'பரிந்துரைக்கப்பட்ட' புதுப்பிப்பு ஆனது. புதுப்பிப்புகள் தானாக இறங்கட்டும் என்று விட்டிருந்தவர்களின் கணினியில் சில ஜிபி கோப்புகள் கேட்காமலே வந்து குவிந்தன. ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தொலைக்காட்சியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தபோது, வரைபடத்தின் மேலேயே இந்த அழைப்பு நேரலையில் வந்து விழுந்தது. நிகழ்ச்சி நடத்திய பெண் சிரித்துச் சமாளித்தார்.

மே மாதம் வந்ததுதான் பெரிய வேடிக்கை. உங்கள் கணினி இன்ன தேதியில் மாற்றப்படும் என்று ஒரு பெட்டி வரும். பெருக்கல் குறியை அமுக்கினால் பெட்டி மூடிக்கொள்ளும், குறித்த தேதி மட்டும் அப்படியே நிற்கும். ரத்து செய்யும் வழி வாசகத்துக்குள் ஒரு சிறு இணைப்பாகப் பதுங்கியிருந்தது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்தக் குறியை அமுக்கிப் பழகிய கைகளுக்கு அது எப்படித் தெரியும்? கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி, தான் கேட்காமலே மாற்றம் நடந்து தொழில் கணினி முடங்கியது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, மேல்முறையீட்டை மட்டும் கைவிட்டது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் அதன் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெல்லா, பெருக்கல் குறி விஷயத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

நிறுவனத்தைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. உறுதியாக மறுக்கிற வழியும் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்ற வேண்டிய இரண்டு மதிப்புகளை நிறுவனமே வெளியிட்டிருந்தது. ஒன்று அறிவிப்பை நிறுத்தும், மற்றது மாற்றத்தையே தடுக்கும். ஸ்டீவ் கிப்சன் என்பவர் 2016-இல் 'நெவர் 10' என்று ஒரு குட்டி நிரலை இலவசமாகக் கொடுத்தார். அது செய்ததெல்லாம் அந்த மதிப்புகளை மாற்றி வைத்ததுதான். ஒருமுறை ஓட்டிவிட்டு அழித்துவிடலாம். பெட்டியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு நிமிட வேலை.

வீட்டுக்கு வரும் காப்பீட்டு முகவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "அடுத்த மாசம் பார்க்கலாம்ப்பா." முகத்துக்கு நேரே மறுக்க ஒரு கூச்சம். அவர் டைரியில் குறித்துக்கொண்டு, தேதி தவறாமல் வந்து நிற்கிறார். அவர்மேல் குற்றமில்லை, தேதி கொடுத்தது நாம். 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானும் அதே டைரிதான்.

மறுப்பவனுக்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருமுனை டிடிபி கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அத்தனையும் விண்டோஸ் 7-இல் பேஜ்மேக்கர் வைத்துத்தான் செய்வார். எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை, லேசர் பிரிண்டரும் அந்தக் காலத்தது. விண்டோஸ் மாறினால் இதில் எது படுக்கும் என்று யார் சொல்ல முடியும்? வைகாசி முகூர்த்த நெருக்கடியில், 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரக் கட்டம் விழுந்தால் எந்தப் பெண்வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்? "மாத்திப் பார்க்கலாமே தம்பி" என்றேன் ஒருமுறை. "இதுலதான் சார் சோறு வருது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சரியான பதில் என்றே எனக்குத் தோன்றியது.

எரிச்சலில் மறுப்பவர்கள் கதை அப்படியில்லை. புது விண்டோஸ் வேண்டாம் என்ற கோபத்தில் புதுப்பிப்புகளையே மொத்தமாக நிறுத்தியவர்கள் உண்டு. பழைய விண்டோஸைக் காப்பாற்றும் பாதுகாப்பு ஒட்டுகளும் அந்த வழியாகத்தானே வந்துகொண்டிருந்தன? 2017 மார்ச்சில் அப்படி ஒன்று வந்தது. மே மாதம் 'வான்னாகிரை' என்ற தீநிரல் கிளம்பி, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டபோது, அந்த ஒட்டுப் போடாத கணினிகள் மாட்டின. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின.

இப்போது அதே கூத்து விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு நடக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு அதன்பிறகும் ஓராண்டு பாதுகாப்பு ஒட்டுகள் என்று அறிவித்தார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிக்கு 11-க்குப் போக முறையான வழியும் கிடையாது. என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கம். அங்கே கணினியை அமைத்து முடிக்க யோசனை சொல்லும் தேர்வு, குறிப்புகள் தரும் தேர்வு இவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். அப்டேட் பக்கத்தில் 11-க்கான அழைப்பு நின்றால், அதன் கீழே 'இப்போதைக்கு 10-இலேயே இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு வரி இருக்கும், அதை அமுக்குங்கள். பெருக்கல் குறிப் பக்கம் கையே போக வேண்டாம். அப்டேட்டை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

டிடிபி கடைக்காரர், 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றதும், அந்தக் கணினியின் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டார். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் வேறொரு புது மடிக்கணினிக்கு வருகின்றன. அங்கே வைரஸ் சோதனை முடிந்துதான் பென் டிரைவ் பழையதற்குப் போகும். புது மடிக்கணினியில் வரும் எந்த அப்டேட்டையும் அவர் தடுப்பதில்லை.