அளத்துக்கரை ஓட்டம்

செப்டம்பர் 11, 2023, திங்கள்

ஓட்டத்தைவிட எனக்குத் தெருதான் பயமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் அரைக்கால் சட்டையோடு பஜார் வழியே ஓடினால், விடிவதற்குள் ஆறுமுகநேரி முழுக்கச் செய்தியாகிவிடும். இருட்டில் உப்பளப் பக்கம் போனால் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டேன். இந்த ஊர்க்காரனுக்கு அது வெட்கக்கேடான கணக்கு. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டுமென்று எனக்கு முன்பே அளத்து ஆட்கள் வந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தலைச்சுமையோடு வந்த ஓர் அக்கா நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, யாரும் வெரட்டுதாங்களா?"

"இல்லக்கா, சுகரு."

"அப்பம் சரி, ஓடுங்க."

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு, 5.7-இலிருந்தே எச்சரிக்கை மணி. மளிகைக்கடைக் கல்லாவில் இருபது வருடம் உட்கார்ந்ததற்கு வட்டி இது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஏழு தடவை. எட்டாவது தடவைக்கு நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் இடது குதிங்காலில் ஆணி அறைந்தது போல வலி. தப்பு என்னுடையது. மூச்சு வாங்காமல் பத்து நிமிடம் ஓட முடிந்ததும், மறுநாளே இருபதுக்குத் தாவினேன். நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாருக்கு மாதங்கள் வேண்டும். நாற்பதுக்கு மேல் இன்னும் தாமதம். மூச்சு சம்மதித்துவிட்டது, கால் சம்மதிக்கவில்லை.

"சும்மா கெடந்த காலக் கெடுத்துக்கிட்டியளே," என்றாள் வீட்டில். ஐஸ் வைத்தவளும் அவள்தான்.

இனி வாரம் நான்கு நாள் மட்டும். பக்கத்தில் ஆள் வந்தால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். தார்ச்சாலையை விட்டுவிட்டு மண்பாதை.

நவம்பர் 4, சனி

'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை இன்று தொடங்கினார்கள். 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையாம். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் பேசினால் இந்த விஷயத்தில் மட்டும் நான் காது கொடுப்பேன். விபத்தில் மூட்டு அடிபட்ட மனிதர், சர்க்கரையும் உண்டு. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், 2014-இல், முதல் அரை மராத்தான் ஓடினார். 21 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கணக்கு பிறகு நூறைத் தாண்டியது. 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமே எழுதியிருக்கிறார். கட்சி அரசியல் வேறு, கால் வேறு.

நான் இன்று நிற்காமல் 3 கிலோமீட்டர். எழுதும்போதே கை கொஞ்சம் பெருமையாக அழுத்துகிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

மழை. ஓடவில்லை.

டிசம்பர் 27, புதன்

பத்து நாளாக எழுதவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். சில மாவட்டங்களில் ஒரு வருடத்துக்கே பெய்யாத மழை அது. 17-ஆம் தேதி இரவு நம்மூர் வழியாகப் போன சென்னை ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. கடைக்குள் முழங்கால் தண்ணீர். அரிசி மூட்டை ஊறி முளைவாசம் அடிக்கிறது. ஓட்டக் காலணி எங்கே மிதந்து போனதோ.

ஜனவரி 8, 2024, திங்கள்

22 நாள் விட்டுப்போயிற்று. 21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்பார்கள். அப்படியானால் 22 நாள் விட்டால்? இந்த 21-க்கு மூலம், 1960-இல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அழகுசிகிச்சை மருத்துவர் எழுதியது. அவர் சொன்னது, முகம் மாறிய நோயாளி கண்ணாடிக்குப் பழகும் காலம். நிஜமாகவே எண்ணிப் பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர். 96 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றும் கண்டார்கள். 22 நாளைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை.

புதுக் காலணி வாங்கினேன். மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. கேவலமாகத்தான் இருந்தது.

ஜனவரி 25, வியாழன், தைப்பூசம்

இருட்டோடு திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பச்சை வேட்டிகள். வெறுங்காலோடு எத்தனையோ நாளாக நடந்து வருகிறவர்கள். எதிரே காலணி போட்டு ஓட வெட்கமாயிருந்தது. ஒருவர் என்னையும் பக்தன் என்று நினைத்து, "முருகா! கோயில் அந்தப் பக்கமுல்லா?" என்றார். அளத்துப் பாதைக்குத் திரும்பினேன்.

அங்கே ஐந்தாறு பேர் வரிசையாக நின்று பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இதே வேலைதான். தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, தரையைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்புநீர் நிற்கும். இந்தத் தடவை குவித்து வைத்த உப்பும் கரைந்து போயிற்று. அந்த அக்கா அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆளயே காணமே தம்பி?"

"வெள்ளத்துல நின்னு போச்சுக்கா."

"எங்களுக்கும்தான்," என்று சொல்லிவிட்டு மிதிக்கப் போய்விட்டார்.

இன்று 2 கிலோமீட்டர், 18 நிமிடம். குதிங்கால் வலி இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை மார்ச்சில்.