பின்வரிசைக்கும் ஒரு பல்லவி

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் தெய்சே என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள ஒப்புரவு ஆலயத்தைப் போரின் வடுக்களை ஆற்றும் அடையாளமாகச் செருமானிய இளைஞர்கள் வந்து கட்டினார்கள். 1962-இல் அது திறக்கப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளில், 1971-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குத் திரண்ட கூட்டத்திற்கு இடம் போதாமையால், அங்குள்ள துறவற சகோதரர்கள் ஆலயத்தின் முகப்புச் சுவரையே இடித்து, பெரியதொரு கூடாரத்தை அதனோடு இணைத்துக்கொண்டார்கள். சுவர் எழுப்ப நன்கொடை திரட்டியே பழகிய நமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

சுவர் விழுந்தபின் அவர்களுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. வந்தவர்கள் பல நாட்டினர். சகோதரர்கள் பாடிய பிரெஞ்சுச் சங்கீதங்கள் அவர்களுக்குப் புரியவில்லை. உள்ளே இடம் கிடைத்தும் வாய் திறக்க வழியில்லை. அந்நிலையில்தான், எழுபதுகளின் நடுவில், பாரிசு நகரில் இயேசு சபையாரின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் ஆர்கன் வாசித்துவந்த ஜாக் பெர்த்தியே என்ற கத்தோலிக்க இசையறிஞரை அவர்கள் நாடினார்கள். சகோதரர் ராபர்ட் சொற்களைத் தேர்ந்து கொடுப்பார். பெரும்பாலும் இலத்தீனில் ஒரே ஒரு வரி. பெர்த்தியே அதற்கு இசை அமைப்பார். இருமுறை கேட்டால் மூன்றாம் முறை எவரும் சேர்ந்து பாடலாம். அவ்வரி திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் தனிக்குரலும் குழலும் கித்தாரும் ஏறி இறங்கும். பயிற்சி பெற்றவருக்கும் அதில் வேலை உண்டு. அன்று காலைதான் வந்திறங்கியவருக்கும் இடம் உண்டு. இக்குழுமம் 1985-இலும் 1988-இலும் சென்னையில் இளைஞர் கூட்டங்களை நடத்தியபோது அவ்வரிகளைப் பாடியவர்கள் நம் வாசகரிடையேயும் இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் எங்கள் பங்குத்தந்தை. சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருந்தது.

பின்னலாடை ஆலைகள் சூழ்ந்த ஊர் எங்களுடையது. ஞாயிறு முதல் திருப்பலிக்குச் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள் நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். இரவுப் பணி முடித்து நேரே வருகிறவர்கள். அவர்களுக்காக எங்கள் கோவில்பிள்ளை, எவரும் கேளாமலே, விடியுமுன் பக்கவாயிலைத் திறந்து வைப்பார். தாழ்வாரத்தில் பாய் விரித்துவிட்டு, பூசைக்குக் கால்மணி இருக்கையில் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எழுப்புவார். அவருக்கு இந்தி தெரியாது. “தம்பி, பூசை” என்பார், அவ்வளவுதான். உதவிப் பங்குத்தந்தையோ தட்டுத் தடுமாறி இந்தி பயின்று, அவர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கத் தொடங்கியிருந்தார். ஆயினும் திருப்பலியில் அவர்கள் கடைசி வரிசையில் வாய்மூடியே நின்றார்கள்.

அவர்கள் பாடத் தெரியாதவர்கள் அல்லர். பெல்சிய நாட்டு இயேசு சபைத் துறவி கான்சுடன்ட் லீவன்சு 1885-இல் சோட்டாநாக்பூர் சென்று பணியாற்றிய நாள்தொட்டு வளர்ந்தது அவர்களது திருச்சபை. மாந்தர் என்னும் மத்தளம் முழங்க, சாத்ரியிலும் குடுக்கிலும் முண்டாரியிலும் ஊரே சேர்ந்து பாடும் வழக்கம் உடையவர்கள் அவர்கள். அத்தகையோரை எங்கள் நடுவே ஊமையராக நிறுத்தியிருப்பது தகுமா என்று, 2022-ஆம் ஆண்டுத் தவக்காலத் தொடக்கத்தில், பாடகர் குழுவாகிய எங்களிடம் பங்குத்தந்தை வினவினார். நற்கருணை வாங்கும் நேரத்தில் தெய்சே முறையில் ஒரு சிறு வரியைப் பாடலாமே என்றார்.

எங்கள் மாஸ்டர் மறுத்தார். நாற்பது ஆண்டுகளாய் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தவர் அவர். “சாமி, இலத்தீன் போய்த் தமிழ் பீடத்துக்கு வந்ததே எங்கள் அப்பா காலத்தில்தான். ஒவ்வொரு பாட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். அதையும் ஒரு வரியாகச் சுருக்கச் சொல்கிறீர்களே” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ்க் கிறித்தவ இசை எவரும் இலவசமாக எங்களுக்குத் தந்ததன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நின்று நிதானமாய்ப் பொருள் விரிக்கும் பாடல்களில் மறைக்கல்வியே அடங்கியிருக்கிறது. ஒரு வரியைச் சுழற்றிச் சுழற்றிப் பாடுவது சோம்பலுக்கு நல்ல பெயர் சூட்டுவது ஆகிவிடலாம் என்ற ஐயம் எங்களுள் பலருக்கும் இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது.

இருவரும் ஒரே நூலைத்தான் கையில் எடுத்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 114-ஆம் எண்ணில், திருஇசைச் செல்வத்தைப் பேணவேண்டும், பாடகர் குழுக்களை ஊக்குவிக்கவேண்டும் என்னும் பகுதியை மாஸ்டர் சுட்டினார். நம்பிக்கையாளர் கூட்டம் முழுவதும் தனக்குரிய பங்கைச் செலுத்த ஆயர்களும் மேய்ப்பர்களும் வழிசெய்ய வேண்டும் என்னும் அதே எண்ணின் அடுத்த பகுதியைப் பங்குத்தந்தை சுட்டினார். அன்று கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. அடுத்த இரு வாரங்கள் மாஸ்டர் பயிற்சிக்கு வரவில்லை. எங்களுள் இளையவர்கள் மின்விசைப் பலகையை வைத்துச் சமாளித்தார்கள். எங்களுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் வாரம் அவர் பங்குமனைக்கு வந்ததாகவும், நெடுநேரம் இருவரும் பேசியதாகவும் கோவில்பிள்ளை வழியாக அறிந்தோம். என்ன பேசினார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் மாஸ்டர் கடைசி வரிசைக்கு நடந்து சென்று, உங்கள் ஊரில் எப்படிப் பாடுவீர்கள் என்று உதவிப் பங்குத்தந்தை வழியாகக் கேட்டார். ஓர் இளைஞன் கூச்சத்தோடு, வாங்குப் பலகையைக் கையால் தட்டித் தாளமிட்டுக்கொண்டு, பாடிக் காட்டினான். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை பாடச் சொன்னார்.

குருத்து ஞாயிறன்று எங்கள் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். ஓசன்னா என்ற சொல் ஒன்றே அதில் இருந்தது. எந்த மொழிக்காரரும் எழுத்தறியாமலே பாடக்கூடிய சொல். அதை மோகனத்தில் அமைத்திருந்தார். வடவர் பூபாளி என்று அறிந்த அதே ஐந்து சுரங்கள். கூட்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பாட, அதன் இடையிடையே எங்கள் பழைய குருத்து ஞாயிற்றுப் பாடலின் சரணங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்தன. இலத்தீனும் இல்லை, இறக்குமதிச் சரக்கும் இல்லை என்று பங்குத்தந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஆர்மோனியத்தைத் திறந்தார்.

பவனி தெருமுனை திரும்பியபோது பின்னாலிருந்து வந்த ஒலி எங்கள் குரல்களை அமுக்கிவிட்டது. ஒலிபெருக்கி எங்களிடம் இருந்தும் பயனில்லை. மாஸ்டர் சுருதியைச் சற்று ஏற்றினார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அந்த இளைஞர்களுள் நால்வர் எங்களோடு அமர்கிறார்கள். பணி மாற்றத்தால் ஆள்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சொல்லிக் கொடுத்ததை மறுபடி சொல்லிக் கொடுக்கவேண்டும். மாந்தர் ஒன்று ஊரிலிருந்து இரயிலில் வந்து சேர்ந்தது. அதைத் தபேலாவுக்குப் பக்கத்தில் வைப்பதா எதிரில் வைப்பதா என்று மாஸ்டருக்கும் தபேலாக்காரருக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.